தாழிக்குள் இருந்த தானியம்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன யாவை? முடி, கொடி, கோட்டை, போர் ஆகியவையே. பள்ளிப் பருவத்தில் நாம் மனப்பாடம் செய்த ஆண்டுகள் யாவும் மன்னர் பிறந்த ஆண்டுகள் அல்லது மன்னர் வென்ற ஆண்டுகள். அந்த மன்னரின் படைவீரன் அன்று காலையில் என்ன உண்டு போருக்குப் போனான், அவன் மனைவி எந்தத் தானியத்தைக் குத்திக் கொண்டிருந்தாள் என்று எந்த ஆசிரியரும் நம்மைக் கேட்டதில்லை. ஆனால் நம் முன்னோர் உணவைச் சிறிதாக எண்ணியவர் அல்லர். ஒரு நிலத்துக்கு உரிய கருப்பொருள்களை எண்ணத் தொடங்கிய தொல்காப்பியர், முதலில் தெய்வத்தை வைத்தார். அதற்கு அடுத்தபடியாக உணவைத்தான் வைத்தார். மரமும் பறவையும் பறையும் யாழும் அதன் பின்னரே வருகின்றன.

இந்த உண்மை நமக்கு நூலில் படித்தபோது விளங்கவில்லை. ஒரு சிற்றூரில், ஒரு கண்ணாடித் தளத்தின்மேல் நின்று குனிந்து பார்த்தபோதுதான் விளங்கிற்று. அதனை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற கோடை விடுமுறையில், இரயில்வே ஊழியருக்கு உரிய இலவசப் பயணச் சீட்டில், நாகபுரியிலிருந்து சென்னை வழியாகத் திருநெல்வேலிக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். எழுபத்தைந்து வயதைக் கடந்த அன்னையாரும் உடன் வந்தார். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் பாதையில் ஸ்ரீவைகுண்டத்திற்கு அருகில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கும் சிற்றூர் ஆதிச்சநல்லூர். ஊரை ஒட்டி நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரம்பு. பார்த்தால் செம்மண்ணும் சரளைக் கல்லும் முள்மரமுமாகத் தோன்றும் வெற்று மேடு. ஆனால் அந்த மேட்டின் அடியில், கற்குடைவுகளில், ஆயிரக்கணக்கான முதுமக்கள் தாழிகள் உறங்குகின்றன.

1876 ஆம் ஆண்டில் செருமனி நாட்டிலிருந்து வந்த யாகோர் என்பவர் இங்கு முதன்முதலாகத் தோண்டித் தாம் கண்டவற்றைப் பெர்லின் நகருக்கு எடுத்துச் சென்றார். பின்னர் 1899 ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தொல்பொருள் துறையின் அலெக்சாந்தர் ரீ முறையாக அகழ்ந்தார். 2004 ஆம் ஆண்டில் மீண்டும் அகழ்வு நடந்தது. 2023 ஆம் ஆண்டில், அகழ்ந்த குழியைக் கலைக்காமல் அப்படியே விட்டு, அதன்மேல் கண்ணாடி பதித்து, மக்கள் நின்று பார்க்குமாறு தளத்திலேயே ஒரு காட்சியகம் அமைத்தனர். காலடியில் தாழி, தாழியைச் சுற்றிச் சிறு சிறு கலங்கள். மாடத்தில் வைத்துப் பூட்டிய பொருளைப் பார்ப்பதற்கும், இருந்த இடத்திலேயே இருக்கும் பொருளைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்குதான் உணர்ந்தோம்.

"இறந்தவர்களுக்கு எதற்கு இத்தனைச் சட்டி பானை?" என்று நம் இளைய மகள் கேட்டாள்.

"பசிக்கும் என்று வைத்திருப்பார்கள், தாயி" என்றார் அன்னையார்.

நாம் பல நூல்களைப் புரட்டி அறிந்ததை அந்த ஒரு சொற்றொடர் சொல்லிவிட்டது. ரீ தம் அகழ்வில் கண்டவற்றுள் பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்பு வாட்களும் வெண்கலக் கலங்களும் உண்டு. காண்போர் கண்ணைக் கவர்வன அவையே. ஆனால் அவர் மற்றொன்றையும் குறித்து வைத்தார். தாழிகளின் உள்ளே இருந்த கலங்கள் பலவற்றில் நெல்லின் உமியும் சிறுதானியத்தின் உமியும் கிடந்தன என்பதே அது. தானியம் மட்கிப் போயிற்று, உமி நின்றது. பொன்னைவிட அந்த உமியே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பொன் ஒருவனுடைய செல்வத்தைச் சொல்லும். உமி ஓர் ஊரின் வாழ்க்கையைச் சொல்லும்.

இது ஆதிச்சநல்லூருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. பழனிக்கு அருகில் உள்ள பொருந்தல் என்னும் ஊரில், 2009 ஆம் ஆண்டை ஒட்டிப் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் நடத்திய அகழ்வில், ஒரு கல்லறையில் நான்கு கால்களுடைய சாடி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. கரிமப் பகுப்பாய்வு அந்த நெல்லுக்குக் கி.மு. 490 என்று காலம் கூறியது. ஆதிச்சநல்லூருக்கு அண்மையில் உள்ள சிவகளையில் ஒரு தாழியினுள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்ற காலம் கிடைத்ததாகத் தமிழ்நாட்டு அரசு 2021 ஆம் ஆண்டில் அறிவித்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, அன்புக்குரிய ஒருவரை மண்ணுக்குக் கொடுத்த கை, பிடி நெல்லையும் உடன் கொடுத்திருக்கிறது. இன்றும் இறந்தார் வாயில் அரிசி இடுகின்ற நமக்கு இது விளங்காத செயல் அன்று.

இனி, நாம் சொல்ல வந்த பொருளுக்கு வருவோம். ஆதிச்சநல்லூர்க் கலங்களில் நெல்லும் இருந்தது, சிறுதானியமும் இருந்தது. இறந்தவருக்குப் படைத்த உணவில் அவை இரண்டும் இடம் பெற்றன. நெல்லைப் படைத்தவன் உயர்ந்தவன், சிறுதானியம் படைத்தவன் தாழ்ந்தவன் என்று அந்த உமி சொல்லவில்லை. அப்படியானால், சோறு உண்பவன் பெரியவன், கூழ் குடிப்பவன் சிறியவன் என்னும் எண்ணம் நம்மிடையே எப்போது நுழைந்தது?

பழைய இலக்கண உரைகள் நிலத்துக்கு ஏற்ப உணவை வகுத்தன. குறிஞ்சிக்குத் தினை, முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்திற்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும். நீர் எங்கே பாய்கிறதோ அங்கே நெல். வானம் பார்த்த மண்ணில் புன்செய்த் தானியம். இது வேறுபாடே அன்றி ஏற்றத் தாழ்வு அன்று. ஆனால் ஏரியும் வாய்க்காலும் பெருகியபோது, நன்செய் நிலத்தின் விளைச்சல் அரசுக்கு வரியாகவும் கோயிலுக்குப் படையலாகவும் ஆயிற்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரியும் கூலியும் நிவந்தமும் கலக் கணக்கிலும் குறுணிக் கணக்கிலும் நெல்லாகவே எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். நெல் ஏறத்தாழ நாணயமாகவே வழங்கிற்று. நாணயம் ஆகிவிட்ட பொருளை விளைவித்தவன் எல்லாம் உண்ண முடியுமா? அண்மைக் காலம் வரை புன்செய்ச் சிற்றூர்களில் நெற்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும் கேழ்வரகும் சாமையும்தான்.

அந்தத் தானியங்களை உண்பது எளிய செயலும் அன்று. வரகுக்கும் சாமைக்கும் உமி பல அடுக்கு. உரலில் இட்டு உலக்கையால் குத்தி, சுளகில் புடைத்து, மீண்டும் குத்தி, மீண்டும் புடைத்து, அதன் பின்னரே உலை வைக்கலாம். ஒரு குடும்பத்தின் ஒரு வேளை உணவுக்கு ஒரு பெண்ணின் விடியற்காலை முழுவதும் செலவாயிற்று. ஆனால் அந்தக் கடின உமியே தானியத்தைக் காத்தது. குலுக்கையில் கொட்டி மண் பூசி மூடிவிட்டால் பல ஆண்டுகள் கெடாது. கோயில் கோபுரக் கலசங்களில் வரகை நிரப்பும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது என்று பெரியோர் கூறுவர். மழை பொய்த்த ஆண்டில் அந்தக் குலுக்கையே சிற்றூரின் காப்பு.

அந்தக் காப்பும் உடைந்த காலம் ஒன்று உண்டு. யாகோர் ஆதிச்சநல்லூரில் தாழியைத் தோண்டியது 1876 ஆம் ஆண்டு என்றோம். தமிழாண்டுக் கணக்கில் அது தாது வருடம். அந்த ஆண்டில் தொடங்கி 1878 வரை நீடித்ததே தாது வருடப் பஞ்சம். சேலம், கோவை, பெல்லாரி முதலிய மாவட்டங்கள் சுடுகாடாயின. இந்தியாவில் அரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மடிந்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இறந்தவனுக்கும் சோறு வைத்த மண்ணில், உயிரோடு இருப்பவனுக்குச் சோறு இல்லை.

இந்தப் பஞ்சத்தில் நமது துறைக்கும் பங்கு உண்டு என்பதை இரயில்வே ஊழியராகிய நாம் மறைத்தல் ஆகாது. வங்கத்திலிருந்து கப்பலில் வந்த தானியத்தைச் சென்னைத் துறையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டு சென்றது இருப்புப் பாதையே. அதனால் பிழைத்தவர் பலர். ஆனால் பாதை சென்ற இடத்துக்கே வண்டி சென்றது. பாதைக்கு அப்பால் மாட்டு வண்டிதான் போகவேண்டும். மாடுகளோ தீவனமின்றி மாண்டு கிடந்தன. மேலும், தானியத்தைக் கொண்டுவரும் வண்டியே தானியத்தைக் கொண்டு செல்லவும் வல்லது. பஞ்சம் நடந்த அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி நிற்கவில்லை. வண்டிக்குக் கருணையும் இல்லை, கொடுமையும் இல்லை. எவர் சரக்குச் சீட்டு எழுதுகிறாரோ அவர் மனமே வண்டியின் மனம்.

1877 ஆம் ஆண்டில் பஞ்ச நிவாரண வேலையில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஓர் இராத்தல் என்பது நமது கணக்கில் 450 கிராம். நாள் முழுவதும் மண் வெட்டும் ஆணுக்கு அதுவே உணவு. அது உயிரைத் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில திங்கள் கழிந்தே கூலி உயர்ந்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877-78 இல் பஞ்சக் கூலிகளால் வெட்டப்பட்டது. சென்னை செல்லும் அன்பர்கள் அந்தக் கால்வாயைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக் கொள்வதோடு நில்லாமல், அதை வெட்டியவர் எத்தனை கவளம் உண்டு வெட்டினர் என்றும் ஒரு கணம் எண்ணுதல் தகும்.

அந்த அச்சம் தலைமுறைகள் கடந்தும் அகலவில்லை. 1942 இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனபோது பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு அட்டையும் வரிசையும் வந்தன. 1966 இல் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல் வெளிவந்தது. உரமும் நீரும் கொடுத்தால் பன்மடங்கு விளைந்தது. நியாய விலைக் கடை ஊர்தோறும் திறந்தது. 2008 இல் தமிழ்நாட்டில் கிலோ ஒரு ரூபாய் என்று இருந்த அரிசி, 2011 இல் விலையில்லாமலே கிடைக்கலாயிற்று. இதனைக் குறை சொல்பவர் பசித்து அறியாதவர். தீபாவளிக்கு மட்டுமே நெற்சோறு கண்ட வீட்டில் நாள்தோறும் சோறு வெந்தது என்றால், அது எந்த மன்னனின் வெற்றிக்கும் குறைந்த வெற்றி அன்று.

ஆனால் வென்றவன் தோற்றவனை இகழ்வது உலக இயல்பு. சோறு வந்ததும் கூழ் இழிவாயிற்று. அன்னையார் பள்ளியில் படித்த காலத்தில், கம்பஞ்சோற்றைத் தூக்குச் சட்டியில் கொண்டு சென்று, மூடியைப் பாதி மட்டும் திறந்து, பிறர் காணாதவாறு கையால் மறைத்து உண்பாராம். இதனை அவர் ஆதிச்சநல்லூரில், அந்தக் கண்ணாடியின் மேல் நின்றுகொண்டுதான் முதன்முதலாக நம்மிடம் கூறினார். "நெல்லோடு சிறுதானியத்தையும் வைத்துப் புதைத்திருக்கிறார்களா! நான் அதை மூடி மூடியல்லவா தின்றேன்" என்றார்.

அந்தச் சொல் நம்மைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், மேலதிகாரி ஒருவர் குடும்பத்துடன் நம் குடியிருப்புக்கு வருவதாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்னையார் தமக்கு வழக்கமான கேழ்வரகுக் கூழைக் கரைத்து அடுக்களை மேடையில் வைத்திருந்தார். "இதை உள்ளே எடுத்து வையுங்கள், அம்மா" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் துடைத்துப் பாத்திரத்தை உள்ளறைக்குக் கொண்டு போனார். எழுபது வயதில் அவரை மீண்டும் அந்தப் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டோம் என்பது அப்போது நமக்குத் தெரியாது. தெரிந்தபின் எழுதாமல் இருப்பது நேர்மை ஆகாது என்பதனால் இதனை இங்கு எழுதுகிறோம்.

உணவின் வரலாற்றை ஆராய்ந்து பார்த்தால், நம் தருக்கு, நம் நாணம் இரண்டும் ஒருங்கே அழிந்து போகும். நம்முடையவை என்று நாம் மார்தட்டும் உணவுகளுள் விருந்தாளிகள் எத்தனை! சோளமும் கம்பும் கேழ்வரகும் ஆப்பிரிக்காவில் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டுக்கு வந்தவை. தினை முதலில் பயிரானது சீனத்தில். வரகும் சாமையும் இம்மண்ணில் பிறந்தவை. நெல்லின் பிறப்பில் கங்கைச் சமவெளிக்கும் சீனத்து யாங்சி ஆற்றங்கரைக்கும் பங்கு உண்டு. மிளகாயோ போர்த்துக்கீசியர் வந்தபின் அமெரிக்காவிலிருந்து வந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் ஆதலின் மிளகாய் எனப் பெயரிட்டோம். தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளி, கொய்யா, முந்திரி எல்லாம் அதே வழியில் வந்தவையே. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இராசராசன் தக்காளி இரசம் பருகியதில்லை. மிளகாய் வற்றல் அவன் மடைப்பள்ளியில் இருந்ததில்லை. வந்த விருந்தை ஏற்று, நம் புளியோடும் பருப்போடும் சேர்த்து, நமதாக்கிக் கொண்டதே நம் அடுக்களையின் பெருமை. ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு இது ஆறுதல் தரும் செய்தி அல்லவா?

ஊர் திரும்பிய மறுவாரம் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கிறோம். நம் அடுத்த வீட்டில் இருப்பவர் விதர்ப்பச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த மராத்தி அம்மையார். நம் குழந்தைகள் அவரை 'மாவ்ஷி' என்று, அதாவது சிற்றன்னை என்று, அழைப்பார்கள். அவர் அடுப்பில் நாள்தோறும் வேகும் பாக்ரியின் மணம் நம் வீட்டுக்கு வரும். பல ஆண்டுகளாக அதனை 'அவர்கள் உணவு' என்றே எண்ணியிருந்தோம். அன்று அன்னையார் அங்குச் சென்று மாவைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார், முகம் மலர்ந்தது. "இது நம் சோளமாவு அல்லவா!" என்றார். அவருக்கு மராத்தி தெரியாது; அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. எனினும் இருவரும் ஒரு மணிநேரம் அடுக்களையில் பேசிக்கொண்டிருந்தனர். மறுநாள் நம் வீட்டுக் கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயத்துடன், அங்குப் போயிற்று, மூடாமலே போயிற்று.

2023 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதற்கு முன்மொழிந்த நாடு இந்தியா. இன்று நகரத்துக் கடைகளில் சாமையும் வரகும் அழகிய பொட்டலங்களில், அரிசியினும் கூடிய விலையில் விற்கின்றன. மகிழ்ச்சியே. ஆனால் பொட்டலம் வாங்குவதோடு நம் கடமை தீராது. அதனை விளைவித்தவர், குத்தியவர், நாணிக்கொண்டே தின்றவர் ஆகியோரின் நினைவும் நமக்கு வேண்டும்.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு விழா நாளில் சங்க நூலக அறையில் ஒரு நீண்ட மேசையை ஒதுக்கித் தரச் செயற்குழு இசைந்துள்ளது. தங்கள் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பொருள்களைக் கொண்டு வாருங்கள். திரிகைக் கல், சேவை நாழி, ஈயச் சொம்பு, கற்சட்டி, ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால் எதுவாயினும் நன்று. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று நம் மக்கள் கையில் அளந்து பார்த்து அறியட்டும். ஒவ்வொரு பொருளோடும் ஒரு சிறு அட்டை வையுங்கள். அதில் பொருளின் பெயர், அது வந்த ஊர், அதில் சமைத்தவர் பெயர், அவர் எந்த நாளில் எதை உண்டார் என்னும் நான்கு வரி போதும். எழுதத் தெரியாத முதியோர் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். வறுமையையும் எழுதுங்கள், அதில் நாணத்தக்கது ஒன்றும் இல்லை.

நம் வீட்டிலிருந்து ஒரு தூக்குச் சட்டி வரும். பித்தளை, ஒரு பக்கம் நசுங்கியது. அதன் மூடியைத் திறந்தே வைக்கவேண்டும் என்பது அன்னையாரின் கட்டளை.